கேங்கில் பன்னிரண்டு பேர்

2023 ஆகஸ்ட் 8, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டு. வானம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. அந்த நேரத்தில் நான் ஏறியிருந்த ரயில் சிலிம் ரிவர் நிலையத்தை நிற்காமல் கடந்தது. நடைமேடை தொடங்கி முடிய எட்டு விநாடி. மலாய் நாட்டில் நான் பிறந்த ஊர் அது. அறுபத்து மூன்று வருடம் கழித்து வருகிறேன். எட்டு விநாடி கொடுத்தார்கள். அதிலும் ஊர் வலப்பக்கம், என் இருக்கை இடப்பக்கம். எழுந்து குனிந்து பார்ப்பதற்குள் ஒரு பெயர்ப்பலகையும் மூன்று மோட்டார் சைக்கிளும் தெரிந்தன. பிறகு பனை, பனை, பனை.

பெட்டிக்குள் ஆஸ்பத்திரி பிணவறைக் குளிர். திருச்சியில் ரயில் ஜன்னலைத் திறந்தால் வெயிலாவது வரும். இங்கே ஜன்னலே திறக்காது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அண்ணே, சட்ட மட்டும்தானா? இந்த ட்ரெயின் ஐஸ் பெட்டி லா. அடுத்த தடவ சுவெட்டர் கொண்டு வாங்க."

"அடுத்த தடவை கிடையாது" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்த கறி பாப் இரண்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் தின்றேன். நன்றாக இருந்தது என்பதிலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா சிலிம் ரிவர் பக்கத்தில் ரயில்பாதை கேங்கில் வேலை பார்த்தவர். தண்டவாளத்தைத் தூக்கிப் போடுவது, கட்டைக்கு அடியில் சல்லி இடிப்பது, ஆணி இறுக்குவது. அம்மா பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். எனக்கு ஐந்து வயதில் அப்பா நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறி, திருச்சி பொன்மலையில் தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு அப்போது பதினாலு வயது. தோட்டத்தில் பேர் பதிந்து சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தாள். சம்பாதிக்கிற கையைக் கப்பலேற்றுவானேன் என்று அவளைச் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டார்கள். அதற்கு நான் யாரைக் கோபிப்பது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அக்காவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. ஈப்போவில், குனோங் ராபாட்டில், மகள் வசந்தி வீட்டில் இருக்கிறாள். வலக்கண் போய் மூன்று வருடம். இடக்கண்ணும் சர்க்கரையால் போய்க்கொண்டிருக்கிறது. வருடக் கடைசிவரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் அப்பாவின் படம் கிடையாது. ஒன்றுகூட. இந்த மார்ச் மாதம், ஜெலாப்பாங்கில் ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்யும் வசந்தி, கூட வேலை செய்பவளின் பிறந்த நாளுக்கு ஈப்போவில் ஒரு காப்பிக்கடைக்குப் போயிருக்கிறாள். சுவரில் பழைய புகைப்படம். வரிசையாக ஆட்கள், முன்னால் ஒரு சிலேட்டுப் பலகை. அதில் "கேங் 23, சிலிம் ரிவர்" என்று எழுதியிருந்தது. போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். "மாமா, இதுல தாத்தா இருக்காரா?"

நான் முப்பத்து நாலு வருடம் ரயில்வே அலுவலகத்தில் கேங் ஆட்களின் வருகைப் பதிவேடு எழுதியவன். எனக்கா தெரியாது? அம்மா எப்போதும் சொல்வாள்: "உங்கப்பா கொடி பிடிச்சவர்." படத்தில் இடமிருந்து மூன்றாவது ஆள், சுருட்டிய கொடிகள் இரண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அகல நெற்றி. என் மகனுக்கும் அகல நெற்றி. விஷயம் முடிந்தது. அவரை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டேன். நாலு அமாவாசைக்கு அவரைப் பார்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். அக்காவுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தேன்.

போனில் அக்கா சொன்னாள்: "தம்பி, கண்ணு போறதுக்குள்ள அப்பா மூஞ்சிய ஒரு தடவ பாத்துடறேன். கொண்டாந்து காட்டு."

அதற்காகத்தான் வந்தேன்.

ஈப்போ நிலையத்தில் வசந்தி தொழிற்சாலைச் சீருடையோடு நின்றாள். அரை நாள் விடுப்பாம். குனோங் ராபாட்டில் வீட்டுக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலை சுவர்போல நிற்கிறது. எதிர் வரிசையில் பதினாறு வீடு, பத்தொன்பது கார். நடந்து போகிறவர் ஒருவரும் இல்லை.

அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். "எளச்சிட்ட" என்றாள். நான் நாலு கிலோ கூடியிருக்கிறேன். சாப்பாடு போடுவதற்கு முன்பே படத்தைக் கேட்டாள். கொடுத்தேன். இடக்கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் வைத்து, கோலம் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் நகர்த்தினாள்.

"யாருடா இவரு?"

"அப்பா."

"எந்த அப்பா?"

வசந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள்.

"கொடி பிடிச்சிருக்கார் பாரு. நெத்தியப் பாரு."

"நெத்தி ஊர்ல எல்லாருக்கும்தான் இருக்கு. இது நம்ம அப்பா இல்ல."

"உனக்குக் கண் சரியில்லை."

"கண்ணுதான சரியில்ல, ஞாவகம் இருக்கு லா. ஒனக்கு அஞ்சு வயசு. மூக்கு ஒழுகிட்டு நின்ன. நீ எனக்குச் சொல்றியா?"

கடல் தாண்டிக் கொண்டுவந்த படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள். வசந்தி போனில் முழுப் படத்தைக் காட்டினாள். அக்காவின் கண்ணுக்கு அதில் முகங்கள் அரிசிமணியாகத்தான் தெரிந்தன. கடைக்கே போய் அசலைப் பார்ப்போம் என்றால், புதன்கிழமை கடை விடுமுறையாம். கோழி வரட்டலையும் இறால் சம்பலையும் நான் சாப்பிட்டேன். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. "அழுவாதடா" என்றாள் அக்கா. "காரம்" என்றேன். நம்பவில்லை.

மறுநாள் புதன்கிழமை, சும்மா கிடப்பானேன் என்று சிலிம் ரிவருக்குப் போனோம். வசந்திக்குச் சம்பளமில்லாத விடுப்பு. மூன்று பேருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்: அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எண்ணலாம் என்று நினைத்து வந்தேன். மைல் கணக்கில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைதான். ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் இருட்டு.

தோட்டத்துத் தடுப்புக்கட்டையில் காவல்காரர் ஒருவர் மழைச்சட்டையோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நம் ஆள்தான்.

"எங்க போறீங்க அண்ணே?"

"நான் பொறந்த வீட்டுக்கு."

"இங்க வீடு ஒன்னும் இல்ல லா. செம்பனதான் இருக்கு. செம்பனையில பொறந்தீங்களா?"

"ரயில் லயம் இருந்தது, வரிசை வீடு. பாதை ஓரமா."

"ஓ, பழைய கதையா? எல்லாம் எப்பவோ ஒடச்சிட்டாங்க. ரெட்டப் பாத போட்டப்ப மிச்சமும் போச்சு. அந்தா வேலி தெரியுது பாருங்க, அங்க நின்னு பாத்துட்டு வாங்க. வேலியத் தொடாதீங்க, எனக்குத்தான் ஏச்சு விழும்."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிமெண்டுக் கட்டைகள், மேலே மின்கம்பி. கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடை இல்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் ஒருவன் சுத்தியலோடு பாதையில் தனியாக நடக்கிறான். வண்டி வருவது தெரியாமல் செத்தும் போகிறான். அந்தச் சாவுகளை நானே பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இங்கே யாரும் நடக்க வேண்டாம், சாக வேண்டாம். நல்லதுதான். ஆனால் நடந்து தேய்ந்தவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு கல்லாவது நட்டிருக்கலாம் இல்லையா? காருக்குத் திரும்பி இதைக் கத்தியே சொன்னேன். காவல்காரர் தலையாட்டினார். அவருக்கு என்ன செய்ய முடியும்?

"உள்ள எறங்கிடாதீங்க அண்ணே" என்றார். "அட்ட இருக்கு, பாம்பு இருக்கு. சப்பாத்து இல்லாம முடியாது."

காருக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள். முழங்கால் வலியால் அவள் இறங்கவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு, மழை வாசனையை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சப்பாத்து! அம்மா அப்பாவோட சப்பாத்தத்தான் போட்டுட்டு மரம் வெட்டப் போவாங்க. ஒனக்கு எங்க தெரியும்?"

எனக்குத் தெரியாது. அவள் சொன்னாள். ரயில்வேயில் வருடத்துக்கு ஒரு ஜோடி சப்பாத்து, தோல் பூட்ஸ், கொடுப்பார்கள். தோட்டத்தில் கொடுக்க மாட்டார்கள். விடிவதற்கு முன் ஈரப் புல்லில் இறங்கும் அம்மாவின் காலெல்லாம் அட்டை. அதனால் சப்பாத்து வந்த அன்றே அப்பா அதை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். பெரிய அளவு. முனையில் பழைய துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு போவாள். அப்பா வெறுங்காலோடு சல்லிமேல் நடப்பார். மண்டோர், அதாவது கேங்கின் மேஸ்திரி, தினமும் திட்டுவான்.

"பன்னண்டு கதவு லயம். கேங்குல பன்னண்டு ஆளு. பதினோரு வீட்டு வாசல்ல சப்பாத்து காயும். கடேசி கதவு நம்மது. அங்க மட்டும் சப்பாத்து மத்தியானத்துக்கு மேலதான் வீடு வரும், அம்மா கால்ல."

கொடிக்காரரின் காலில் இருந்த பளபளப்பான சப்பாத்து என் நினைவுக்கு வந்தது. விட்டுக்கொடுக்க மனமில்லை.

"படம் எடுக்கிற அன்னைக்கு மட்டும் போட்டிருக்கலாம்."

"படம் வேலைக்குப் போறப்பதான எடுப்பாங்க, காலையில? காலையில சப்பாத்து எங்க இருக்கு?"

"அப்ப கொடி?"

"சுத்தி தூக்க முடியாதவனுக்குக் கொடிடா தம்பி. கையில அடிபட்டா, காலு வீங்குனா, நீ கொடியப் புடின்னு விட்டுடுவாங்க. அப்பாக்கு சல்லி குத்திக் குத்திக் காலு வீங்கும். வருசத்துல ஒரு மாசம் கொடிதான். அம்மா ஒனக்கு அதப் பெருமையாச் சொல்லிருக்காங்க."

முப்பத்து நாலு வருடம் பதிவேடு எழுதிய எனக்கு, கொடி என்றால் பதவி.

வழியில் வாழையிலைச் சாப்பாடு. மூன்று காய், ஒரு ரசம், அப்பளம் ஐந்து. வசந்தி என் இலையில் தன் அப்பளத்தையும் வைத்தாள். அதையும் தின்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து ஐந்துக்குக் காப்பிக்கடை திறந்தது. பழைய ரயில் கட்டைகளை இழைத்துப் பளபளப்பேற்றி மேசையாக்கியிருந்தார்கள். நான் கட்டையின் அடியில் தடவிப் பார்த்தேன், ஆணி அடித்த ஓட்டைகள் இருந்தன. கைகழுவும் இடத்தில் ஒரு கை விளக்கு, கழிப்பறைக் கதவில் நிலைய மணி. ஒரு காப்பி பதினாலு ரிங்கிட். நம் காசில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல். கோப்பையில் பாதி நுரை.

படம் சுவரில் என் கண்மட்டத்தில் தொங்கியது. கீழே ஆங்கிலத்தில் ஓர் அட்டை: "அந்த இனிய நாட்கள்."

யாருக்கு இனிய நாட்கள்? இதை நான் மனசுக்குள் கேட்டதாக நினைத்தேன். கடையில் இருந்த ஒன்பது பேரும் திரும்பினார்கள்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். தலை பதினொன்று. சப்பாத்துக் கால் இருபத்திரண்டு. மறுபடி எண்ணினேன். வலப்பக்க ஓரத்தில், சட்டத்தின் மரத்தை ஒட்டி, இன்னொன்று இருந்தது. ஒரு வெறுங்கால். நாலு விரலும் பாதத்தில் பாதியும். திருச்சியில் போனில் நான் அதைப் பார்க்கவே இல்லை. எனக்குத்தான் மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டாரே.

"ஓரத்துல ஒரு வெறுங்கால் மட்டும் தெரியுது. வசந்தி, இதைக் கழற்றச் சொல்லு."

கடைக்காரர் லோ நாற்பது வயதுச் சீனர். மரியாதையாகத்தான் வந்தார். மலாயில் அவர் சொன்னதை வசந்தி சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சட்டத்தோடு வாங்கினாராம். பழசு, திறந்தால் கிழியும், திறக்க முடியாது.

"அதில் என் அப்பா இருக்கார்" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

"எந்த ஆள், அங்கிள்?"

"தெரியாது! அதற்குத்தான் திறக்கச் சொல்றேன்!"

யாரோ சிரித்தார்கள். சுவரிலிருந்து நானே இழுத்திருப்பேன். அதற்குள் அக்கா நாற்காலியைப் பிடித்து எழுந்து, லோவைப் பார்த்துச் சீனத்தில் பேசினாள். தோட்டத்தை விட்டு வந்த பிறகு பதினெட்டு வருடம் ஈப்போவில் சீனர் வீட்டில் சமைத்தவள் அவள். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. லோவின் முகம் மாறியது. உள்ளே போய்த் திருப்புளியும் வெண்ணெய்க் கத்தியும் எடுத்து வந்தார்.

"என்ன சொன்ன?"

"ஒங்கப்பா காலு மட்டும் செவத்துல தெரிஞ்சா நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன்."

லோ ரயில் கட்டை மேசையில் படத்தைக் கவிழ்த்து ஏழு ஆணியை நெம்பினார். பின்பலகையை எடுத்ததும் தெரிந்தது. படம் சட்டத்தைவிடப் பெரியது. கொள்ளவில்லை என்று யாரோ எப்போதோ வலப்பக்கத்தில் மூன்று விரல் அகலத்தை மடித்துப் பின்னால் விட்டிருக்கிறார்கள். நான் கையை நீட்டினேன். லோ என் கையை விலக்கினார். வெண்ணெய்க் கத்தியை உள்ளே விட்டு, மடிப்பைத் தலைமுடி அகலம் தலைமுடி அகலமாக எழுப்பினார்.

பன்னிரண்டாவது ஆள். மற்ற பதினொரு பேரும் தோளோடு தோள் நிற்க, இவர் மட்டும் ஒரு கை தூரம் தள்ளி நின்றார். வெறுங்கால். கைகளைக் கட்டியிருந்தார். தாடை இறுகியிருந்தது. புகைப்படக்காரனை அடிக்கப் போகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என் மகனைவிடச் சின்னவர். எனக்கு அவரைத் தெரியவில்லை. எவ்வளவு பார்த்தும் தெரியவில்லை.

அக்கா குனிந்தாள். இடக்கண்ணைப் படத்துக்கு ஓர் அங்குலத்தில் வைத்து, காலிலிருந்து தொடங்கி மேலே போனாள். காப்பி இயந்திரம் நாலு தடவை சீறி அடங்கியது.

"வந்துட்டாரு" என்றாள்.

பிறகு, தலையை எடுக்காமலே: "பாருடா ஒன் மூஞ்சிய. அப்படியே ஒன் மூஞ்சி. சண்டைக்கு நிக்கிற மூஞ்சி."

"ஏன் தள்ளி நிக்கறார்?"

"சப்பாத்து இல்லாதவன் ஓரமா நில்லுன்னு மண்டோர் சொல்லிருப்பான். வேற என்ன?"

ஒருவன் ஓரமாக நிறுத்தினான். ஒருவன் மடித்து மறைத்தான். படித்த மகன் வேறொருவருக்கு மாலை போட்டான். மூன்று நாளாக ரயிலையும் வேலியையும் காப்பியையும் திட்டிக்கொண்டு வந்தவன், அங்கே நாற்காலியில் உட்கார்ந்தேன். அக்கா என் தலையில் கை வைத்தாள். அப்போது காரம் என்று சொல்ல முடியவில்லை.

படத்தை விற்க லோ ஒப்பவில்லை. மறுபடி மடிக்க நான் ஒப்பவில்லை. கடைசியில், பெரிய சட்டம் என் செலவு, அக்காவுக்கு ஒரு முழுப் பிரதி எடுக்க அனுமதி அவருடையது என்று முடிந்தது. இரண்டு கடை தள்ளிச் சட்டம் போடுகிறவர் இருந்தார். மூன்று மணிக்குப் படம் சுவருக்குத் திரும்பியது, பன்னிரண்டு தலை, இருபத்து நாலு கால். "அந்த இனிய நாட்கள்" அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பதிவேட்டு எழுத்தில் எழுதினேன்: "கேங் 23. ஆட்கள் 12. வந்தோர் 12." வலக்கோடி ஆளின் பெயரையும் எழுதினேன். லோ படித்துப் பார்த்துவிட்டு அப்படியே ஒட்டினார்.

நான் கொண்டுவந்த கொடிக்காரரை அக்கா திருப்பிக் கொடுத்தாள். "இவர என்ன பண்ணப் போற?"

"யார் வீட்டு அப்பாவோ. நாலு அமாவாசை தண்ணி குடிச்சிருக்கார். எப்படிக் கழற்றுவது?"

"அப்ப ரெண்டு மாலை வாங்கு. கஞ்சத்தனம் பண்ணாத."

விமானம், ரயில், சட்டம், பெரிய பிரதி எல்லாம் சேர்த்து, வசந்திக்கு நான் திணித்து அவள் வாங்கிக்கொள்ளாத ஒரு நாள் சம்பளம் நீங்கலாக, மொத்தச் செலவு முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய். இதில் அந்தக் காப்பிக்குக் கொடுத்த பதினாலு ரிங்கிட்டை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.